சின்ன வயசிலிருந்தே

மார்ச் பிறந்துவிட்டால் வெயிலோடு சேர்ந்து இவனும் வந்துவிடுவான். பீளமேடு, கணபதி, சரவணம்பட்டி என்று கோவையில் எந்தப் பக்கம் நீங்கள் குடியிருந்தாலும் சரி, இங்கிலீஷ் கொஞ்சம் தெரிந்த ஆள் என்ற கெட்ட பெயர் மட்டும் உங்களுக்கு இருந்தால் போதும், விசாரித்துக்கொண்டு வந்து நிற்பான். வயது இருபத்தொன்று. எஞ்சினியரிங் கடைசி வருடம். முதுகில் கல்லூரிப் பை, கையில் லேப்டாப். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவான்:

"அஞ்சே நிமிசம்தானுங்க சார். கிராமர் மட்டும் பாத்துக் குடுத்தீங்கன்னா போதும்."

அந்த ஐந்து நிமிடம் ஜூலை 15 வரை நீளும். ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களுக்கு அக்டோபரில் தொடங்கும் பருவத்துக்கு விண்ணப்பம் முடிகிற தேதி அது. இவன் கொண்டுவருவது மோட்டிவேஷன் லெட்டர். இந்தப் படிப்பு ஏன், இந்தப் பல்கலைக்கழகம் ஏன், படித்து முடித்து என்ன செய்யப்போகிறாய் என்று அவர்கள் கேட்பதற்கு ஒன்றிரண்டு பக்கத்தில் பதில் சொல்ல வேண்டும். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் 49,000-க்கும் மேல். அத்தனை பேரும் ஏதோ ஒரு தெருவில் ஏதோ ஒரு சாரின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருப்பார்கள்.

கடிதத்தின் முதல் வரியைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். "சின்ன வயசிலிருந்தே எனக்கு இயந்திரங்கள் மீது தீராத காதல்." இரண்டாவது வரியில் ஒரு ரேடியோ வரும். நான்கு வயதில் அதைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பவும் மாட்டியிருப்பான். இந்த நூற்றாண்டில் பிறந்த பிள்ளை. அவன் வீட்டில் ரேடியோ எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. ஒருமுறை வாய் சும்மா இராமல் ஒரு பையனின் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "இவனுங்களா? ஃபேன் சுவிட்சையே நான்தானுங்க எந்திரிச்சுப் போய்ப் போடோணும்" என்றார்.

இது நம்மூர்ப் பிள்ளைகளின் வியாதி மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கி அனுப்பும் யூகாஸ் என்ற அமைப்பு 50,000 சுயவிளக்கக் கடிதங்களைச் சோதித்துப் பார்த்தது. 2007-ல் முடிவு வந்தது. எட்டு வயதில் வேதியியல் பெட்டியை வைத்து விளையாடிப் பைஜாமாவில் ஓட்டை விழ எரித்துக்கொண்டதாக 234 பேர் எழுதியிருந்தார்கள். எல்லாம் ஒரே பைஜாமா. 2026 சேர்க்கையிலிருந்து அந்த நீண்ட கடிதத்தையே எடுத்துவிட்டு மூன்று கேள்விகளாக்கிவிட்டார்கள். பைஜாமாவுக்குத் தனிக் கேள்வி இல்லை.

முதல் பத்தியைத் தாண்டினால் 'பேஷன்' வரும், 'குளோபல் எக்ஸ்போஷர்' வரும். அடுத்து ஃபைனல் இயர் பிராஜெக்ட். சூரியனைப் பார்த்துத் தானே திரும்பும் சோலார் பேனல். நான்கு பேர் சேர்ந்து செய்தது என்று சர்டிபிகேட் சொல்லும். நான்கு பேரும் சேர்ந்து பிராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி வாங்கியது என்று இவன் சொல்லுவான், அதுவும் இரண்டாவது காபிக்குப் பிறகு.

காதல் எப்படி இடம் மாறுகிறது என்று தெரிந்துகொள்ளவும் இந்தக் கடிதங்களைப் படிக்கலாம். முன்பெல்லாம் எல்லோருக்கும் மியூனிக் மேல்தான் கண். 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து அங்கேயுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் முதுகலை மாணவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ கட்டணம் என்றதும், ஒரே ராத்திரியில் காதல் கெம்னிட்ஸ் என்ற ஊர்ப் பக்கம் சாய்ந்துவிட்டது. கடிதத்தைப் புதிதாகவா எழுதுவான்? கம்ப்யூட்டரில் மியூனிக் என்று இருந்த இடத்திலெல்லாம் கெம்னிட்ஸ் என்று ஒரே தட்டில் மாற்றிவிட்டான். ஆகவே பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் தலைமையகம் கெம்னிட்ஸில் இருப்பதாலேயே அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததாக அங்கேயுள்ள பேராசிரியர்களுக்கே எழுதியிருந்தான். 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மியூனிக்கில் இருக்கும் தலைமையகம் தங்கள் ஊருக்கு எப்போது வந்தது என்று அவர்கள் கொஞ்ச நேரமாவது ஜன்னல் வழியே பார்த்திருப்பார்கள்.

பரிந்துரைக் கடிதம் தனிக் கூத்து. துறைத்தலைவரிடம் போய்க் கேட்டால், "நீயே டைப் பண்ணிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்" என்பார். தன்னைத் தானே புகழ வேண்டும். அதுவும் முப்பது வருட அனுபவமுள்ள ஒரு பெரிய மனிதர் வாயால். இதில் இவனுக்குக் கூச்சமே கிடையாது. "என் அனுபவத்தில் நான் கண்ட தலைசிறந்த ஐந்து மாணவர்களில் ஒருவன்" என்று எழுதுவான். அதே வகுப்பில் இன்னும் இருபது பேர் அதே ஐந்தில் இருப்பார்கள். துறைத்தலைவர் படித்துப் பார்க்காமல் சீல் வைப்பார். படித்துப் பார்த்தால் அவருக்கே வகுப்பின் மேல் மரியாதை வந்திருக்கும்.

வீட்டில் இதற்கிடையே வேறு கணக்கு ஓடும். படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000 ரூபாய். விண்ணப்பங்களை வாங்கிப் பார்க்கும் யூனி-அசிஸ்ட் என்ற அமைப்பின் வழியாக முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தது ஒவ்வொன்றுக்கும் 30. அப்புறம் பிளாக்டு அக்கவுண்ட். முதல் வருடச் செலவுக்கு 11,904 யூரோ முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். மாதம் 992 வீதம்தான் எடுக்க முடியும். ரூபாயில் பத்து லட்சத்தைத் தாண்டும். அப்பா இதையெல்லாம் ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருப்பார். மதிப்பெண் விவகாரம்தான் அவருக்குப் பிடிபடாது. ஜெர்மன் கணக்கில் 1 தான் உச்சம், 4 தேர்ச்சியின் எல்லை. பத்துக்கு 7.5 வாங்கியவனை, தேர்ச்சி 5 என்று வைத்துச் சூத்திரத்தில் போட்டால் 2.5 வரும். "நாலு வருசம் ஃபீஸ் கட்டுனது இந்த ரெண்டரைக்குத்தானா?" என்று அப்பா இரவுச் சாப்பாட்டை முடிக்காமல் எழுந்துவிடுவார்.

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு கிராமர் தவறு அறவே போய்விட்டது. எனக்கும் வேலை போகும் என்று நம்பினேன். போகவில்லை. இப்போது தவறில்லாத கடிதத்தில் இரண்டு மூன்று தவறு போட்டுத் தரச் சொல்லி வருகிறார்கள்.

லேப்டாப்பை மூடிவிட்டு, "சரிப்பா, நெசமாவே எதுக்குப் போறே?" என்று கேட்டால் மட்டும் பையன் மடை திறந்துவிடுவான். கேம்பஸுக்கு ஐ.டி. கம்பெனிதான் வருகிறது, மெக்கானிக்கலுக்கு ஆளெடுக்க யாரும் வருவதில்லை. அமெரிக்கா கட்டுப்படியாகாது; ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் ஃபீஸ் இல்லை. பெரியம்மா மகன் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறான். தங்கச்சி கல்யாணத்துக்குள் லோனை அடைத்துவிட வேண்டும். ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவான், ஒரு 'பேஷன்' இல்லாமல்.

"இதையே எழுதலாமேப்பா?"

"அய்யோ, வேண்டாங்க சார். இதையெல்லாம் எழுதுனா நெசம்னு நெனச்சுக்குவாங்க."

போன வருடம் வந்தவர்களில் ஒருவன் கொஞ்சம் வேறு மாதிரி. கடிதத்தில் வழக்கமான ரேடியோதான். ஆனால் பேச்சுவாக்கில் அப்பாவுக்குக் கணபதியில் லேத் பட்டறை என்றான். பம்ப் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். எட்டாம் வகுப்பிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் இவனும் அங்கேதான். ஷாஃப்ட்டைச் சக்கில் கட்டி ஓடவிட்டு, டூல் தொட்டதும் எழும் சத்தத்தை வைத்தே அப்பா சொல்லிவிடுவாராம், "ஆட்டம் இருக்குது, நிறுத்து" என்று. இவன் டயல் கேஜ் வைத்துப் பார்ப்பான். முள் லேசாக ஆடும். அப்பாவின் காதுக்கு எட்டுவது ஏன் தன் காதுக்கு எட்டவில்லை என்பதுதான் இவனுக்கு அத்தனை வருடமாகக் குடைச்சல். படிக்க நினைத்த பாடமும் எந்திர அதிர்வு பற்றியதுதான்.

"அட, இதை எழுதுப்பா" என்றேன்.

"பட்டறையெல்லாம் எதுக்குங்க சார்? கையெல்லாம் கிரீஸு. ஜெர்மன்காரங்க என்ன நெனைப்பாங்க?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதினான். ரேடியோவை எடுத்துவிட்டு அந்த ஷாஃப்ட்டை வைத்தான். சீட் கிடைத்தது. அப்பா பட்டறையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். பையனும் போய்ச் சேர்ந்தான். போவதற்கு முன், ஜூனியர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று கடிதத்தை பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

இந்த மார்ச்சில் முதலில் வந்தவனின் அப்பா பேங்க் மேனேஜர். கடிதத்தில் அவர் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். அடுத்து வந்தவனின் அப்பாவுக்குப் பேக்கரி. அங்கேயும் மாவு பிசைகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷாஃப்ட் ஆட்டத்தோடு சுற்றியது. போன வாரம் டேட்டா சயின்ஸுக்கு விண்ணப்பிக்கும் ஒரு பெண் வந்தாள். "சின்ன வயசிலிருந்தே அப்பாவின் லேத் சத்தத்தில் நான் தரவுகளைக் கேட்டு வளர்ந்தேன்" என்று தொடங்கியிருந்தது கடிதம். அவள் அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். மாதம் தவறாமல் வந்து பிரீமியம் வாங்கிப் போகிறவர்.

"ஏம்மா, உங்கப்பா எல்.ஐ.சி. ஏஜென்ட்தானே?"

"ஆமாங்க சார். ஆனா பாலிசியில ஏதுங்க சார் சத்தம்?"