மெட்ராஸ் யாருக்கு அப்பன்?

வா கண்ணு, டாக்டரம்மா. ராத்திரி மூணு மணி வரைக்கும் உன் ரூம்ல லைட் எரிஞ்சுது. யாருக்கோ பிரசவம் போலன்னு எழுந்து வந்து பார்த்தேன். நீ லேப்டாப் முன்னால உக்காந்து உன் கட்டுரையோட மேற்கோள் லிஸ்ட்ல ஒவ்வொரு பேரா அழிச்சிக்கிட்டு இருந்த. விடிஞ்சதும் ரெஃப்ரெஷ் பட்டனைத் தட்டின. அழிச்ச பேரெல்லாம் பங்கு பிரிக்கிற அன்னிக்கு வர்ற பங்காளிங்க மாதிரி வரிசையா வந்து உக்காந்துக்கிச்சு. நீ அழுத, நான் சிரிச்சேன். அதுக்குக் கோவிச்சிக்கிட்டு ரெண்டு இட்லியோட எழுந்துட்ட.

கோவம் வேணாம். முப்பத்தெட்டு வருஷம் பதிவாளர் ஆபீஸ் வாசல்ல மேசை போட்டுப் பத்திரம் எழுதினவன் சொல்றேன், கேளு. ஜெராக்ஸ்ல வெள்ளை மை தடவிப் பேரைத் திருத்திட்டு, தாய்ப்பத்திரமே மாறிடுச்சுன்னு நம்புற ஆளுங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். பண்ருட்டிப் பக்கம் பத்து ஏக்கர் முந்திரிக்காடு வச்சிருந்தவன்கூட அதுல உண்டு. எம்.டி. படிக்கிற பொண்ணும் அதே கூட்டம்னு நேத்து ராத்திரிதான் தெரிஞ்சுது. வேர்டுல நீ பாக்கிற லிஸ்ட் ஜெராக்ஸ். தாய்ப்பத்திரம் மேற்கோளைச் சேத்து வைக்கிற அந்த ஸோடெரோ மென்பொருளுக்குள்ள இருக்கு. அதை எந்த முறையில எழுதணும்ங்கிற சட்டம் ஸ்டைல் ஃபைல்ல இருக்கு. தும்பை விட்டுட்டு வாலைப் பிடிச்சா மாடு நிக்குமா?

உன் கட்டுரையைத் திருப்பி அனுப்பின பத்திரிகைக்காரன் வான்கூவர் முறையில அனுப்புன்னு எழுதியிருக்கான். 1978-ல மருத்துவப் பத்திரிகை ஆசிரியருங்க கொஞ்சம் பேரு கனடாவுல அந்த ஊர்ல கூடினாங்க. கட்டுரை எழுதுறவன் ஒவ்வொரு பத்திரிகைக்கும் புதுசா டைப் அடிச்சிச் சாகாம இருக்க ஒரே முறை வைப்போம்னு பேசி முடிச்சி, 1979-ல அச்சுல கொண்டாந்தாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா ஊர்க்கூட்டத்துல தலையாட்டிட்டு, வீட்டுக்குப் போய் அவனவன் வழக்கத்தையே வச்சிக்கிறது நம்ம மேல்பட்டாம்பாக்கத்துல மட்டும்தான்னு நினைச்சிருந்தேன். இங்கயும் ஒருத்தன் மேற்கோள் எண்ணை மேல தூக்கி எழுதுங்கிறான், ஒருத்தன் அடைப்புக்குள்ள போடுங்கிறான். ஒரே முறை வேணும்னு கூடினாங்க. இன்னிக்கு ஸ்டைல் களஞ்சியத்துல பத்தாயிரத்துக்கு மேல கிடக்குதுன்னு நீயே சொன்ன.

அந்த 'எட் ஆல்' சங்கதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. லத்தீனாம். 'மற்றும் பலர்'னு அர்த்தமாம். கல்யாணப் பத்திரிகை அடிச்ச எவனுக்கும் இது தெரியும். தாய்மாமன் ஆறு பேரு பேரைப் போட்டுட்டு ஏழாவது ஆளை 'மற்றும் உறவினர்கள்'ல தள்ளினா, அவரு பந்தியில உக்காராம மண்டப வாசல்லயே நின்னு வெத்தல போடுவாரு. டாக்டருங்க ரோசம் கெட்டவங்க போல. ஆறு பேரு வரைக்கும் எல்லாரையும் எழுது, ஏழாவது ஆளு வந்துட்டா முதல் ஆறு பேரை மட்டும் வச்சிக்கிட்டு மிச்சத்தை எட் ஆல்ல மூட்டை கட்டுங்கிறாங்க. ஆரம்பத்துல இன்னும் கஞ்சத்தனம், ஏழு பேரு ஆயிட்டா மூணே பேருதான்.

நீ ஒவ்வொண்ணா அழிச்சியே, அதுக்கு ஸ்டைல் ஃபைல்ல ரெண்டே ரெண்டு எண்ணு இருக்கு. எத்தனை பேரு சேந்தா வெட்டணும், வெட்டினா எத்தனை பேரை வைக்கணும். 7, 6. அவ்வளவுதான், தொண்ணூறு மேற்கோளும் ஒரே நேரத்துல தல வாரிக்கிட்டு நிக்கும். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். அடுத்தவன் ஸ்டைலை எடுத்துத் திருத்தினா அதோட தலைப்பையும் ஐடியையும் மாத்திடு. பழைய ஐடியிலயே விட்டுட்டா, ஸோடெரோ என்னிக்காவது தானா அப்டேட் ஆகி உன் திருத்தத்தை முழுங்கிட்டுப் பழசையே வச்சிடும். பக்கத்து வீட்டு ஆட்டை வாங்கிட்டுக் காதுல இருக்கிற அடையாளத்தை மாத்தாம விட்டா, சாயங்காலம் அது எந்தப் பட்டிக்குப் போகும்?

சரி, ஸ்டைல் ஆச்சு. அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சிடாத. நெய்வேலிச் சுரங்கத்துல மேல்மண்ணைத் தள்ளினதும் பழுப்பு நிலக்கரியை வாரிக்கிட்டு வந்துட முடியுமா? நிலக்கரிக்கு அடியில இருந்து ஊத்துத் தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. ராப்பகலா பம்ப் வச்சி இறைச்சாத்தான் சுரங்கம் நிக்கும். ஸ்டைல் மேல்மண்ணு. அடியில இருந்து முட்டுறது நீ கண்ட இடத்துல இருந்து இழுத்துப் போட்டு வச்ச விவரம்.

உன் லிஸ்ட்ல பதினாலாவதைப் பாரு. நான் கண்ணாடி போட்டு ரெண்டு தடவை படிச்சேன். 'டியூபர்குளோசிஸ் கீமோதெரபி சென்டர் எம்.' யாரு இந்த எம்.? 1956-ல நம்ம சேத்துப்பட்டுல ஆரம்பிச்ச காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் அது. மருத்துவமனையில படுக்கப்போட்டு வைத்தியம் பண்ணாலும் வீட்டுல வச்சே மாத்திரை கொடுத்தாலும் பலன் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு 1959-ல உலக சுகாதார நிறுவனத்தோட புல்லட்டின்ல எழுதினாங்க. தொகுதி 21, பக்கம் 51-ல இருந்து 144 வரைக்கும். உலகமே காசநோய்க்காரனை ஊருக்கு வெளியில ஒதுக்கி வச்சது மாற அது ஒரு காரணம். அப்பேர்ப்பட்ட கட்டுரைக்கு ஆசிரியர்னு மையத்தோட பேரையே போட்டு, கமா வச்சி, மெட்ராஸ்னு எழுதியிருந்தாங்க. நீ அப்படியே அடிச்ச. கமாவுக்கு முன்னால இருக்கிறது குடும்பப் பேரு, பின்னால இருக்கிறது சொந்தப் பேருன்னு மென்பொருள் எடுத்துக்கிச்சு. மெட்ராஸ் வெறும் எம். ஆயிடுச்சு. என் பாஷையில சொன்னா, காசநோய் மையம், த/பெ மெட்ராஸ்! ஒரு நகரத்தையே ஒரு ஆஸ்பத்திரிக்கு அப்பனாக்கிப் பட்டா போட்டுக் கொடுத்துட்ட. இந்த மாதிரி ஒரு பத்திரத்தை நான் எழுதியிருந்தா சார்பதிவாளர் பேனாவாலயே குத்தியிருப்பாரு.

அதுக்கும் வழி இருக்கு. ஸோடெரோவுல பேரு அடிக்கிற கட்டத்துக்குப் பக்கத்துல சின்னப் பொத்தான் ஒண்ணு இருக்கு பாரு, அதைத் தட்டினா ரெண்டு கட்டம் ஒண்ணாயிடும். முழுப் பேரையும் அதுல அடி. உன் சீனியர் இதே வேலைக்கு வச்சிருக்கானே எண்ட்நோட், அதுல நிறுவனத்துப் பேரு முடிஞ்சதும் ஒரு கமா வைக்கணும். பேருக்குள்ளயே கமா இருந்தா அங்க ரெண்டு கமா. காசு கொடுத்து வாங்கின சாமானுக்குக் கமாவும் ரெண்டு மடங்கு.

ஆளுங்க பேருலயும் இதே கூத்துதான். வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பேருன்னு ஒண்ணு வால்ல தொங்குது. நமக்கு இனிஷியல் தலையில நிக்குது. வானத்து நட்சத்திரத்தை அளந்த எஸ். சந்திரசேகருக்கு எஸ். அவங்கப்பா சுப்ரமணியன். அவரு அப்பா பேரை முன்னால விரிச்சி எழுதினாரு, அதனால மென்பொருள் 'சந்திரசேகர் எஸ்'னு சரியாவே எழுதுது. இந்தக் காலத்துப் பசங்க பாஸ்போர்ட்டுல அப்பா பேரைப் பின்னால போட்டுடுறாங்க. கந்தசாமி மகன் முருகன் ஒரு கட்டுரையில 'முருகன் கே', அடுத்ததுல 'கந்தசாமி எம்'. ஆராய்ச்சி பண்ணது புள்ள, புகழு அப்பனுக்கு. வில்லங்கம் போட்டுப் பார்த்தா ரெண்டு ஆளு நிப்பாங்க. இதுக்குன்னே 2012-ல ஆர்கிட்னு ஒரு எண் கொண்டாந்தாங்களாம். ஆதார்ல 12 இலக்கம், இதுல 16. இன்னும் வாங்கலைன்னா இன்னிக்கே வாங்கு.

மத்ததெல்லாம் சில்லறை. தலைப்பை ஸோடெரோவுல அடிக்கும்போதே முதல் எழுத்தும் சொந்தப் பேரும் மட்டும் பெரிய எழுத்துல அடி. சின்னதைப் பெருசாக்க அதுக்குத் தெரியும், பெருசுல எது சொந்தப் பேருன்னு கண்டுபிடிச்சி மிச்சத்தைச் சின்னதாக்கத் தெரியாது. பத்திரிகைப் பேரை நீயா சுருக்காத, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் வச்ச சுருக்கம்தான் செல்லும். 'லான்செட்' மாதிரி ஒத்தை வார்த்தைப் பேரைச் சுருக்கவே கூடாது. பக்கம் 284-ல இருந்து 287-ன்னா 284-7-னு எழுதணுமாம். எண்ணாலயும் எழுத்தாலயும் ரெண்டு தடவை எழுதிக் கூலி வாங்கின எனக்கு இது வயித்தெரிச்சல்தான்.

கடைசியா அனுப்பும்போது ஒரு காப்பி எடுத்து அதுல மட்டும் ஸோடெரோ இணைப்பை அறு. மூலத்தைத் தொடாத.

எங்க, ரெஃப்ரெஷ் தட்டு பாப்போம். ஆங், மெட்ராஸ் முழுசா வந்துட்டுது. இவ்வளவு சொன்ன தாத்தன் பேரு கட்டுரையில எங்க வரும் கண்ணு? என்னா சொன்ன, ஆசிரியரா போடுறியா? எத்தனாவது ஆளா? ஏழாவதா!

ஏ கெழவி, கேட்டியா? பத்திரம் எழுதுறவன் பேத்திதான் இவ, சந்தேகமே இல்ல.