ஒரு பைசாவைத் தேடி ராத்திரி எட்டு மணி ஆக்குவது எப்படி?

மார்ச் கடைசி. மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையின் கணக்கு உங்கள் கையில். ஆறு மணிக்கே வேலை முடிந்துவிடும் அபாயம் தெரிகிறது. பயப்படாதீர்கள், எக்செல் இருக்கிறது.

முதலில் எல்லாக் கட்டங்களையும் இரண்டு தசமத்தோடு காட்டச் சொல்லுங்கள். ரவுண்ட் சூத்திரத்தை மட்டும் தொடாதீர்கள். மூன்று பில்லுக்கு வரி தலா 10.334 என்றால் திரையில் 10.33 என்று நிற்கும், கூட்டுத்தொகையோ 31.00. முதலாளி கால்குலேட்டரைத் தட்டினால் 30.99. ‘எல்லி ஹோய்த்து?’ (எங்கே போச்சு?) என்று கன்னடத்தில் கேட்பார். நீங்கள் தமிழில் விழியுங்கள்.

அடுத்து, மிச்சம் பூஜ்யமா என்று எக்செலையே கேளுங்கள். =(0.5-0.4-0.1) என்று அடைப்புக்குறியோடு போட்டால், மைனஸ் போட்டு, புள்ளிக்குப் பின் 16 பூஜ்யம் தாண்டி 278 என்று ஒரு தூசி வரும். அடைப்புக்குறியை எடுத்துவிட்டால் சுத்தமான பூஜ்யம்! அது நம் மனம் நோகக்கூடாதென்று எக்செல் பூசும் பவுடர். பக்கத்திலேயே இன்ஃபோசிஸ் வளாகம்; அங்கே யாரையும் கேட்டுவிடாதீர்கள், இரண்டே நிமிடத்தில் விளக்கிவிடுவார்கள்.

விளக்கம் இதுதான். பத்தை மூன்றால் வகுத்தால் நமக்கு எப்படி முடியாதோ, பத்தில் ஒன்று கம்ப்யூட்டருக்கு அப்படி முடியாது. அதற்குத் தெரிந்தது பாதி, பாதியின் பாதி. 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரப்படி 53 பிட்டோடு நறுக்கிவிடும். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று வாய்ப்பாடு சொன்ன நம் பழைய கணக்குப்பிள்ளையை இந்த மிஷின் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும். மாவும் காணியும் வந்தால்தான் முழித்திருக்கும். ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா என்றிருந்தவரை கட்டத்தில் தூசியே விழாது (192 பை என்பது கொஞ்சம் வம்பு, அதை விடுங்கள்). ரூபாயை நூறு நயா பைசாவாக உடைத்தது 1957 ஏப்ரல் முதல் தேதியில். தேதியைக் கவனித்தீர்களா? முதலாளி மறுபடி கேட்டால் அந்த வருஷத்தைக் கை காட்டுங்கள்.

எல்லாத் தொகையையும் முழுப் பைசாவாக எழுதினாலும் தூசி வராது. ஆனால் நாம் அதற்காகவா உட்கார்ந்திருக்கிறோம்?

கடைசியாக ஒன்று. சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, வரியை முழு ரூபாயாக்கச் சொல்கிறது: 50 பைசாவும் அதற்கு மேலும் ஒரு ரூபாய், குறைந்தால் தள்ளுபடி. 31.00உம் 31தான், 30.99உம் 31தான். இதை எட்டு மணிக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.