கல்வெட்டுக்கு ஒரு நூலகம்

நூலகத்தைச் சீரமைக்கும் கலையை உலகம் நம் அலுவலகங்களில் வந்து படித்துப் போகலாம். முதலில் கல்வெட்டுக்கு இடம் பார்க்க வேண்டும். வாசலுக்கு வலப்பக்கம், கண்மட்டத்தில், கருப்புக் கிரானைட்டில். அமைச்சர், எம்.எல்.ஏ., ஆட்சியர், ஒன்றியப் பெருந்தலைவர் என்று 'தலைமை', 'முன்னிலை' ஒருவர் விடாமல் அதில் அடங்க வேண்டும். அந்தக் கல்லைத் தாங்க ஒரு சுவர் வேண்டுமே, அதற்காகத்தான் கட்டடம். புத்தகம் வைக்க இடம் மிஞ்சினால் அது ஊரார் செய்த புண்ணியம்.

அடுத்தது எஸ்டிமேட். டைல்ஸ் உண்டு. முகப்புக்குப் பளபளவென்று ஏ.சி.பி. ஷீட் உண்டு. வெளிச்சுவரில் புத்தகம் படிக்கும் குழந்தையின் ஓவியம் உண்டு. (பல ஊர்களில் தினமும் தவறாமல் வரும் ஒரே வாசகர் அந்தக் குழந்தைதான்.) புத்தகம் வாங்க? அது வேறு தலைப்பு. நூலகர் சம்பளம்? அது வேறு துறை. மாடி ஒழுகுகிறதே? ஒழுகுவது தெரியாமல் இருக்கத்தானே ஃபால்ஸ் சீலிங் போட்டுக் கொடுத்திருக்கிறோம்!

வடிவமைப்பின் அழகைச் சொல்லி முடியாது. மேற்கு வெயில் நேராக விழும் பக்கத்தில் கண்ணாடிச் சுவர். காற்று வரவேண்டிய ஜன்னலை மறைத்து இரும்பு ரேக். சாய்தளம் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓர் அடிதான் உயரலாம் என்பது விதி. நம் கான்ட்ராக்டர் அதை நாலே அடியில் முடித்துவிடுவார். அதில் சக்கர நாற்காலி ஏறாது, ஏறினாலும் நிற்காது. கழிப்பறை மட்டும் கிடையாது. பெண்பிள்ளைகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து படித்துவிடக் கூடாது என்ற முன்யோசனை போலும். பள்ளிக்கூடத்தில் இன்னும் எளிது: பீரோவுக்குப் பெயர் நூலகம், சாவிக்குப் பெயர் தலைமையாசிரியர்.

வாசகருக்காக நூலகத்தை வடிவமைத்த காலமும் ஒன்று இருந்தது. 1931இல் மன்னார்குடிப் பக்கம் ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டுவண்டியையே நூலகமாக வடிவமைத்து ஊர் ஊராக அனுப்பினார். தொடங்கிவைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். அதே ஆண்டு வெளிவந்த ரங்கநாதனின் ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. இன்றைய டெண்டரில் அந்த வண்டி முதல் சுற்றிலேயே தள்ளுபடியாகும். மாட்டின் முதுகிலா கல்வெட்டு பதிப்பது?

2006இல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. ஐந்தாண்டுகளில் 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம் என்றார்கள், கட்டினார்கள். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. பிறகு நடந்ததை ஊருக்கு ஊர் நீங்களே பார்த்திருப்பீர்கள்: துருப்பிடித்த பூட்டு, உள்ளே ப்ளீச்சிங் பவுடர் மூட்டை, கழற்றிப்போட்ட தெருவிளக்கு, கரையான் தின்று முடித்த கலைக்களஞ்சியம். திறந்து உட்கார ஆள் இல்லாததால் பூட்டினார்கள். சில ஆண்டு கழித்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், நோயைக் கண்டுபிடித்தார்கள், மருந்தும் எழுதினார்கள். இரண்டு கோட் பெயிண்ட்! ஆள் இல்லாத கட்டடத்துக்கு ஆளைப் போடாமல் பட்டி பார்த்துப் பளபளப்பாக்கி, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, மறுபடி பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு வெட்கம் என்று ஒன்று உண்டா?

தலைநகரத்தின் கதை தெரிந்ததே. கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, ஆட்சி மாறியதும், 2011 நவம்பரில் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அறிவித்தார்கள். அதன் அரங்கில் கல்யாண வரவேற்புகூட நடந்தது. உயர்நீதிமன்றம் குறுக்கே நின்றிராவிட்டால் இன்று அங்கே மருந்துச் சீட்டுதான் படித்துக்கொண்டிருப்போம். எதிர்க்கட்சிக்காரன் கட்டினான் என்பதற்காக லட்சக்கணக்கான புத்தகங்களைத் தெருவுக்கு அனுப்பத் துணிந்த அமைச்சரவைதான் நமக்கு வாய்த்தது.

காசில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் போட்டது சென்னை மாகாணம், 1948இல். அந்தச் சட்டப்படி சொத்து வரி 100 ரூபாய்க்கு 10 ரூபாய் நூலக வரி கட்டிக்கொண்டிருக்கிறோம். குடிசைக்காரனும் கட்டுகிறான். வசூலித்ததை நூலக ஆணைக்குழுவுக்குத் தராமல் பாக்கி வைத்துக்கொள்ளும் உள்ளாட்சிகள் உண்டு. இதில் இன்னொரு வேடிக்கை: ஆணைக்குழு பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இருக்கிறது, ஊராட்சி நூலகக் கட்டடம் ஊரக வளர்ச்சித் துறையுடையது. வரி ஒரு துறைக்கு, பூட்டு இன்னொரு துறைக்கு.

வீட்டுவரி ரசீதை எடுத்து நூலக வரி எவ்வளவு என்று பாருங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அக்டோபர் 2 கிராம சபைக்குப் போங்கள். நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், யார் திறப்பார், அவருக்கு யார் சம்பளம் கொடுப்பார் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.