'வந்துருக்கு' அண்ணாச்சி

நெல்லை டவுணில் ரத வீதிக்கு ஒருத்தராவது இந்த ரகத்தில் உண்டு. சட்டைப் பையில் நாலாக மடித்த ஜெராக்ஸ் ஒன்று எப்போதும் இருக்கும். காந்திமதியம்மன் சன்னதியில் கும்பிட்டுத் திரும்பும்போது நம்மைக் கண்டால் 'சௌக்கியமா' என்று கேட்கமாட்டார். "வந்துருக்கு, பாத்தியளா?" என்பார். என்ன வந்திருக்கிறது, எதில் வந்திருக்கிறது என்று நாம் கேட்டுவிடுவது நல்லது. கேட்காவிட்டாலும் சொல்லுவார். நேரம்தான் கூட ஆகும்.

படித்தீர்களா என்று மட்டும் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. படிப்பதும் படிக்காததும் நம் பாடு. ஏற்றுக்கொண்டார்களா, அதுதான் அவருக்குச் சங்கதி. எங்கோ ஒரு மேசைக்குப் பின்னால் முகம் தெரியாத ஒருத்தர் 'சரி, போடலாம்' என்று தலையாட்ட வேண்டும். அதற்காகத்தான் அண்ணாச்சி மூன்று வேளை சோறு தின்கிறார்.

ஊரும் இதற்கு ஒரு காரணம். சுடலைமாடன் கோவில் தெருவில் ஒரே வீட்டுக்கு இரண்டு சாகித்ய அகாதமி: 2000இல் அப்பா தி.க.சி.க்கு, 2016இல் மகன் வண்ணதாசனுக்கு. ராஜவல்லிபுரத்து வல்லிக்கண்ணன் 1978லேயே வாங்கிவிட்டார். தி.க.சி. கைப்பட எழுதிய போஸ்ட் கார்டு ஒன்றாவது வைத்திருக்காதவரை எழுத்தாளர் என்று இங்கே பால்காரர்கூட ஒத்துக்கொள்ள மாட்டார். இப்பேர்ப்பட்ட ஊரில், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தரான அண்ணாச்சி எப்படிச் சும்மா இருப்பார்?

தபால் காலத்தில் சுயவிலாசமிட்டு, ஸ்டாம்பும் ஒட்டிய கவரை உள்ளே வைத்துத்தான் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கவர் கனமாகத் திரும்பினால் கட்டுரையும் திரும்பிவிட்டது என்று அர்த்தம். போஸ்ட்மேன் சிரித்துக்கொண்டே படியேறினால் மணியார்டர். அவருக்கும் அதில் ஒரு காப்பி உண்டு. தீபாவளிக் கட்டுரையை அண்ணாச்சி ஆடியிலேயே அனுப்பிவிடுவார். கார்த்திகை அடைமழையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு 'கோடைக்கேற்ற நுங்கு' எழுதிக்கொண்டிருப்பார். எடிட்டருக்கு எது பிடிக்கும் என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டதே கிடையாது. எடிட்டருக்கு எப்போது பக்கம் நிரம்பாது என்பது அவருக்குத் தெரியும்.

ஒன்றும் ஓடாதபோது அல்வா. இருட்டுக்கடையின் சாயங்கால வரிசையை முதல் பத்தியிலும், தாமிரபரணித் தண்ணீரை இரண்டாம் பத்தியிலும், கோதுமைப் பாலை மூன்றாவதிலும் வைத்தால் வேண்டாம் என்று சொல்லும் எடிட்டர் இன்னும் பிறக்கவில்லை. (அண்ணாச்சிக்குச் சர்க்கரை. அல்வாவைத் தொட்டு வருஷக்கணக்காகிறது.)

மகளிர் பக்கத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. "சுஜாதாவே பெண்டாட்டி பேருதான வே" என்று தைரியம் சொல்லிக்கொண்டு, வீட்டம்மா பேரில் மறுவீட்டுச் சொதி செய்முறையை அனுப்பினார். வந்துவிட்டது. தேங்காய்ப்பாலை ஊற்றித் தளதளவென்று நன்றாகக் கொதிக்க விடவும் என்று அவர் எழுதியிருந்ததும் அப்படியே வந்துவிட்டது. அப்புறம் அந்த அம்மாள் கோயில் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. "மதினி, நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன், திரிஞ்சி போச்சே!" என்று ஆளாளுக்கு மறித்தார்கள். "நான் எங்க சொன்னேன்?" என்று அவர் வாயெடுத்தால் அண்ணாச்சி பின்னாலிருந்து இருமுவார்.

பத்திரிகைகளில் பக்கம் சுருங்கிய பிறகு, அக்கா மகன் பிரவுசிங் சென்டரில் உட்காரவைத்து இணையத்துக் கட்டுரைக் கிடங்குகளைக் காட்டினான். 'ஈசைன் ஆர்ட்டிகிள்ஸ்' என்று ஒன்று, 1999லிருந்து. யாரும் அனுப்பலாம். சன்மானம் கிடையாது. யார் வேண்டுமானாலும் கட்டுரையை எடுத்துத் தங்கள் தளத்தில் போட்டுக்கொள்ளலாம்; அடியில் எழுதியவரைப் பற்றிய பெட்டியை மட்டும் வெட்டக்கூடாது. உலகத்தில் பாதிப்பேர் அந்தப் பெட்டிக்காகத்தான் கட்டுரையே எழுதினார்கள். அதில் தங்கள் கடைக்குச் சுட்டி கொடுத்தால் கூகுளில் கடை மேலே ஏறும். தொப்பை குறைக்கும் மாத்திரை, வீட்டுக் கடன், நாய் வளர்ப்பு என்று போட்டி. அண்ணாச்சியிடம் விற்க என்ன இருக்கிறது? பெட்டிக்குள் தலைமை எழுத்தர் (ஓய்வு) என்று போட்டு, ஆர்ச்சில் இறங்கி வீட்டுக்கு வரும் வழியையும் எழுதிவைத்தார்.

சொந்தப் பெருமை கட்டுரைக்குள் வரக்கூடாது, பெட்டிக்குள்தான் வரவேண்டும் என்று அங்கிருந்து ஒருமுறை திருப்பினார்கள். தாலுகா ஆபீஸ் ஆடிட்டைப் பார்த்த மனுஷர் இதற்கா அசைவார்? 'வரிசை எண் 1: மறுமொழி' என்று ஆங்கிலத்தில் பத்திபிரித்து அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரே கட்டுரையைப் பல கிடங்குக்கு அனுப்பினால் நகல் என்று தள்ளுவார்கள். அதற்கு அக்கா மகன் ஒரு மென்பொருள் கொண்டுவந்தான். சொல்லுக்குச் சொல் மாற்றிப் புதுசுபோல் ஆக்கித் தரும். ஆனித் தேரோட்டக் கட்டுரையில் அண்ணாச்சி 'டெம்பிள் கார்' என்று எழுதியிருந்தார். மென்பொருள் அதை மென்று துப்பியபோது நெல்லையப்பர் ஆட்டோமொபைலில் நான்கு ரத வீதியும் சுற்றிக்கொண்டிருந்தார். அதுவும் ஏற்கப்பட்டது. சாமி எப்ப வண்டி வாங்கிச்சு என்று கேட்டவரிடம், "வந்துருக்குல்லா? அதப் பாரும்" என்றார்.

2011 பிப்ரவரியில் கூகுள் தன் தரவரிசைக் கணக்கை மாற்றி, இந்தக் கிடங்குகளையெல்லாம் கீழே தள்ளிவிட்டது. கிடங்குக்காரர்கள் பதறிப்போய், கட்டுரைக்குக் குறைந்தது 400 சொல் வேண்டும் என்று வாசலை இறுக்கினார்கள். மாத்திரை விற்றவர்கள் ஒவ்வொருவராய்க் கழன்றுகொண்டார்கள். அண்ணாச்சிக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. முன்னாலும் யாரும் படிக்கவில்லை, பின்னாலும் யாரும் படிக்கவில்லை. 400 சொல் ஆகும்வரை தாமிரபரணியைக் கொஞ்சம் கூடுதலாக ஓடவிட்டார், அவ்வளவுதான்.

விக்கிப்பீடியாவில்தான் அவருக்குச் சரியான ஆட்கள் அகப்பட்டார்கள். தமிழில் 2003லிருந்து நடக்கிற காரியம். பலபேர் சம்பளமில்லாமல் ராத்திரி கண்விழித்துக் காவல் காக்கிறார்கள். அண்ணாச்சி அதில் தன் தாத்தாவைப் பற்றி ஒரு கட்டுரை ஏற்றினார். தேருக்குத் தடி போடுவதில் தாத்தாவை மிஞ்ச ஆள் கிடையாது என்று தொடங்கும். குறிப்பிடத்தக்கவர்தானா என்று கேட்டு, வரிக்கு வரி 'சான்று தேவை' என்று போட்டு, நீக்கப்போவதாக அறிவிப்பும் வைத்துவிட்டார்கள்.

"எங்க தாத்தாவுக்கு என்னவே சான்று? நான் இருக்கேம்லா?" என்று தேரடியில் நின்று சத்தம் போட்டார். அங்கே நின்றவர்களுக்கெல்லாம் அது போதுமான சான்றாகத்தான் பட்டது.

கொஞ்ச நாள் ஆளைக் காணோம். அப்புறம் வாகையடி முக்கில் என்னைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் பல். மிச்சமிருந்த ஒரு கிடங்கில் தாத்தாவைப் பற்றி ஆங்கிலத்தில் 400 சொல் ஏற்றி, அதையே விக்கிப்பீடியாவில் அடிக்குறிப்பாகக் கொடுத்திருக்கிறாராம்.

"சான்றையும் நீங்களே எழுதியிருக்கியளேன்னு கேக்க மாட்டானா அண்ணாச்சி?"

"எப்படிவே கேப்பான்? அத வீட்டம்மா பேர்லல்லா போட்டிருக்கேன்."