ஒரே பகலில் நாலு தீவு

ஒருநாள் படகே, உன்னைப் புகழ வார்த்தை தேடி அலைய வேண்டியதில்லை. காலையில் தாய்லாந்தின் ஃபூகெட் துறையில் எங்களை ஏற்றிக்கொண்டாய். பெரிய கப்பல் இரண்டு மணி நேரம் ஊர்ந்து சேருகிற பீ பீ தீவுகளை ஒரு மணி நேரத்தில் எட்டிப் பிடித்தாய். நாலு தீவு, இரண்டு இடத்தில் ஸ்நார்கலிங், மதியம் பஃபே, ஆளுக்கு இரண்டு துண்டு தர்பூசணி. பொழுது சாய்வதற்குள் கரையில் கொண்டுவந்து இறக்கியும் விட்டாய். உன் வேகம் கடலில் வேறு எதற்கும் கிடையாது.

பவளத்துக்கு அந்த வேகம் சுத்தமாக வராது. பாறைபோல் உருண்டு திரளும் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நீ நங்கூரம் போட்ட குடாவில் என் இடுப்பு உயரத்துக்கு அப்படி ஒன்று நின்றது. நூறு வயதை ஒட்டியிருக்கும். என் பாட்டி பிறந்தபோது அது உள்ளங்கை அகலம்கூட இருந்திருக்காது. உன் பயணி ஒருவர் துடுப்புக் காலணியோடு அதன் உச்சியில் ஏறி நின்றார்; முகக்கண்ணாடியில் புகுந்த தண்ணீரைக் கொட்டினார்; பட்டையை இறுக்கிக்கொண்டு நீந்திப் போய்விட்டார். இருபது வினாடி ஆகியிருக்கலாம். அவர் நின்ற இடத்தில் வெள்ளையாக இரண்டு கீறல். பவளத்தின் உயிரெல்லாம் மேலே படர்ந்த அந்த மெல்லிய தோலில்தான். அடியில் இருப்பது வெறும் சுண்ணாம்பு. ஸ்நார்கல் குழாயைக் கடித்துக்கொண்டு அந்தக் கீறல்களையே பார்த்துக்கொண்டு மிதந்தேன். தண்ணீருக்குள் அழ முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நூறு வருஷத்து வேலையை இருபது வினாடியில் தீர்த்துவிடும் கைவன்மை உனக்கு இருக்கிறது. அதை யாரும் மறுக்க முடியாது.

கொடையிலும் நீ குறைந்தவன் இல்லை. ரொட்டியைப் பிய்த்துப் போட்டதும் மஞ்சள் முதுகில் கறுப்புக் கோடு போட்ட மீன்கள் நூறு நூறாக வந்து மொய்த்தன. அது தேசியப் பூங்கா; மீனுக்கு இரை போடக் கூடாது என்பது விதி. விதியைப் பார்த்தா வள்ளல் கொடுப்பான்? பாறையில் பாசி மேய வேண்டிய வாய்களுக்கு மேய்கிற சிரமத்தையே நீ வைக்கவில்லை. மேய ஆளில்லாத பாசி பவளத்தின்மேல் ஏறிக்கொள்ளும். அது வேறு கதை.

உனக்குப் பயணிகள்மேல் இருக்கும் நம்பிக்கையும் பெரிது. பவளத்துக்குக் கேடு செய்யும் நான்கு ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனை 2021இல் தாய்லாந்து அரசு தன் கடல் பூங்காக்களில் தடை செய்தது. யாருடைய பையையும் திறந்து பார்க்கும் அநாகரிகம் உன்னிடம் இல்லை. நாற்பது முதுகுகள் ஒன்றாக இறங்கியபோது தண்ணீரின்மேல் எண்ணெய் ஏடு படர்ந்து வெயிலில் நிறம் நிறமாக மின்னியது. படம் எடுத்தவர்களுக்கு அது அழகாகவே வந்திருக்கும்.

ஆனாலும் உன் புகழ் கொடி கட்டிப் பறந்த இடம் மாயா விரிகுடாதான். பீ பீ லே தீவில் மூன்று பக்கமும் சுண்ணாம்புக் குன்று சூழ்ந்த சின்னஞ்சிறு மணல் கரை. 2000இல் ஒரு ஹாலிவுட் படம் அதைத் திரையில் காட்டியது. கண்டவர்களையெல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது நீ. ஒரு நாளில் 5,000 பேர் வரை, 200 படகுகள் வரை. அத்தனை நங்கூரமும் அந்தச் சிறு குடாவின் அடியில்தான் விழுந்தாக வேண்டும். விழுந்தது, இழுபட்டது, அடுத்த நாளும் விழுந்தது. அங்கிருந்த பவளத்தில் பெரும்பகுதி போய்விட்டது.

ஊரில் எந்தக் கரைக்கும் கிடைக்காத ஓய்வு அதற்குக் கிடைத்தது உன்னால்தான். 2018 ஜூன் மாதம் அரசு குடாவை மூடியது. முதலில் நான்கு மாதம் என்றார்கள். நீ செய்து வைத்திருந்த வேலை நான்கு மாதத்தில் ஆறுகிற அளவில் இல்லை. 2022 ஜனவரி வரை, மூன்றரை ஆண்டு, அது பூட்டியே கிடந்தது. முக்குளிப்பவர்கள் பவளத் துண்டுகளைக் கொண்டுபோய்க் கையால் நட்டார்கள், நாற்று நடுவதுபோல. யாரும் அழைக்காமலே, துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் திரும்பி வந்தன. ஆழமில்லாத அந்தத் தண்ணீரில் குட்டிகள் வளரத் தொடங்கின. அவற்றைத் திரும்ப அழைத்து வந்ததில் உன் பங்கு பெரிது. நீ வரவில்லை.

இப்போது குடாவுக்குள் உன்னை விடுவதில்லை. தீவின் பின்பக்கத்து மிதவைத் துறையில் எங்களை இறக்கிவிட்டாய். மரப்பாதையில் நடந்து வந்தோம். கரையில் நிற்கலாம், நீந்தக் கூடாது. கையிலிருந்த கைபேசியைத் தாழ்த்திவிட்டு ஒரு சின்னப் பெண் தண்ணீரைச் சுட்டிக்காட்டினாள். முழங்கால் ஆழத்தில், முழ நீளம்கூட இல்லாத ஒரு சுறாக்குட்டி மணலை ஒட்டித் திரும்பி, தன் நிழலோடு போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் இரைந்துகொண்டிருந்த கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது. அதற்குள் நம் படகின் ஆள் விசிலடித்தார், நேரமாகிவிட்டது என்று.

மழைக்காலத்தில், ஆகஸ்டும் செப்டம்பரும், அந்தக் குடாவை மறுபடி மூடிவிடுகிறார்கள். அந்த இரண்டு மாதமும் நீ அங்கே போவதில்லை. படகே, உன்னிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.