தண்ணி காணாத தோணிக்குச் சில திருத்தம்

அடே பேராண்டி, கொழும்புல ஜிம்முல வேலை, கையில நாலு காசு. சந்தோசம்ப்பா. தீவாளிக்கு வந்தப்ப போன்ல துடுப்பு மிசினக் காட்டி, "தாத்தா, இதவிட நல்லதா ஒண்ணு செய்யலாம்னு நாங்க நாலு பேரு சேந்திருக்கோம், என்னென்ன மாத்தலாம் சொல்லு"ன்னு கேட்டுட்டுப் போன. எஞ்சினீயரு எத்தனையோ பேரு இருக்க, றக்வானத் தேயிலை ஆலையில ரோதையோட மல்லுக்கட்டினவனைக் கேட்டியே, அந்த மட்டுக்கும் ஒனக்குப் புத்தி இருக்கு. இங்க மழை விடல. சாயத்தண்ணி சூடா இருக்கையிலயே சொல்லிடுறேன்.

மொதல்ல ஒரு சந்தேகம். இந்தப் பக்கத்துல இழுக்காதவன் எவன்? மாணிக்கக் குழிக்காரன் மர உருளையில கயித்தச் சுத்தி, இல்லம்னு சொல்ற கல்லு கலந்த மண்ண மேல இழுக்குறான். ஒங்க அப்பாயி பதினெட்டுக் கிலோ கொழுந்தெடுத்து, நெத்தியில கயித்தப் போட்டு மலையிலேர்ந்து எறக்கினா. மெடல் ஒண்ணும் யாரும் குத்தல, அட்டை மட்டுந்தான் கடிச்சிச்சி. நாங்க ஒடம்பு நொந்து சம்பளம் வாங்கினோம். நீங்க சம்பளத்தக் குடுத்து ஒடம்ப நோகடிச்சிக்கிறீங்க. நடக்கட்டும், காலம் அப்பிடி.

இந்தக் கிறுக்கு இன்னிக்கு நேத்து வந்ததுமில்ல. நீதானே அன்னிக்குச் சொன்ன, கி.மு. 4ஆம் நூற்றாண்டுல ஏதென்சுல கப்ரியாஸ்னு ஒரு தளபதி, புது ஆளுங்களக் கப்பல்ல ஏத்தாம, கரையில மரச்சட்டம் போட்டு அதுல குந்த வச்சே துடுப்பு இழுக்கப் பழக்கினாருன்னு. ஆளும் நனையல, துடுப்பும் ஒடையல. கெட்டிக்காரத் தொரை. 1912ல டைட்டானிக் கப்பல்லயும் ஒரு துடுப்பு மிசினு இருந்திச்சி. சுத்தி வர கடலு, நடுவுல கப்பலு, அதுக்குள்ள ஒரு ரூம்பு, அந்த ரூம்புக்குள்ள துடுப்பு இழுக்க ஒரு மிசினு! கடைசியில எந்தத் துடுப்பு ஒதவிச்சின்னு ஒலகத்துக்கே தெரியும்.

இப்ப எல்லா ஜிம்முலயும் கெடக்குதே, அந்தச் சாதி மிசினு அமெரிக்காவுல வெர்மான்ட்ல பொறந்திருக்கு. டிக், பீட்டர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு, டிரைசிகாக்கர் குடும்பம், 1976லேர்ந்து துடுப்பு செஞ்சு வித்தவங்க. பழைய சைக்கிள் ஒண்ணக் கொட்டகைத் தரையில அறைஞ்சு, செயின் நுனியப் புடிச்சு இழுத்துப் பாத்திருக்காங்க. 1981ல அது கான்செப்ட் டூன்னு கடைக்கு வந்திச்சி. அதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் மூஞ்சிக்கு முன்னால இருக்குற கணக்குப் பொட்டி மாறிச்சி, ஒசரம் மாறிச்சி. காத்த அடிக்கிற சக்கரம், அதான் ரோதை, அந்த யோசனை மட்டும் மாறல. ஆலைச் சாமி ரோதமுனிக்குச் சூடம் காட்டின கையி இது, அதனால சொல்றேன், நல்லா ஓடுற ரோதையில கைய வைக்காத. ரோதையச் சுத்தி இருக்குறதுலதான் ஒனக்கு வேலை.

எடத்துலேர்ந்து வருவோம். மிசினு எட்டடி நீளம். வெள்ளைக்காரன் கட்டிப்போட்ட லயத்துக் காம்பிரா பத்தடிக்குப் பன்னெண்டடி. இழுக்குறவன் பின்னால சாயவும் எடம் விடணும். அடுப்பு, அரிசி மூட்டை, பொட்டி, ஒங்க அப்பாயி. இதுல எத வெளிய எடுத்துப் போடுறது? அப்பாயியவே கேட்டேன். மிசினையும் என்னையும் சேத்தே போடுறதாச் சொல்லிட்டா. ரெண்டாக் கழட்டி வைக்கலாம்னு நீ சொல்லுவ. மரத்துல செஞ்சு தண்ணித் தொட்டி வச்ச மிசினச் செவுத்தோட நிமித்தி வைக்கலாம்னும் சொல்லுவ. கழட்டி வச்சாலும் நிமித்தி வச்சாலும் அது சும்மா நிக்கிற சாமான்தானே? நீ செய்யிறது மடக்கினா வாங்கு ஆகணும். விருந்தாளி வந்தா குந்தணும். துணி காயப்போடத்தான் போறாங்க, எந்த ஜிம்மு மிசினுக்கும் வீட்டுல கடைசி கெதி அதுதான், அதனால துணி போட ஒரு கம்பியையும் இப்பவே வச்சிரு.

அடுத்தது ஆசனம். இந்தச் சங்கதியில கொஞ்ச நேரம் நிப்பேன், எனக்கும் மூட்டு இருக்கு. சாதா மிசினுல ஆசனம் தரையிலேர்ந்து 14 அங்குலம். குந்துறது லேசு. எந்திரிக்கத்தான் ரெண்டு பேரன் வேணும். 2006ல 20 அங்குலத்துக்கு ஒசத்தி ஒண்ணக் கொண்டாந்தாங்க. நல்ல வேலை. கூடவே வெலையும் ஒசந்திச்சி, அது மட்டும் எப்பவும் தவறாது. ஒசரத்த விட மோசம், ஆசனத்துக்கு அடியில இருக்குற சில்லு. கெழவன் குந்தப் போற நேரம் பாத்து அது பின்னால ஓடும். குந்தி முடிக்கிற வரைக்கும் அசையாம நிக்க ஒரு கொண்டி போடு. பக்கத்துல புடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி வையி. இழுக்குறது எப்பிடின்னு ஆயிரம் பேரு படிச்சிருக்கான். ஏறி எறங்குறது எப்பிடின்னு யோசிச்ச மவராசன் கொறைவு. சக்கரை வியாதிக்கும் முட்டி நோவுக்கும் குந்திக்கிட்டுச் செய்யிற தேகப்பயிற்சி நல்லதுன்னு நீயே சொல்ற. அப்ப முட்டி நோவுக்காரன் ஏறுற மாதிரித்தானே அது இருக்கணும்?

காலு வைக்கிற பலகை சப்பாத்து போட்டவனுக்குச் செஞ்சது. மலையேறி விரலு விரிஞ்ச பாதத்துக்கு அகலம் பத்தாது, வாரு அறுக்கும். அகலமாப் போடு, அவ்வளவுதான்.

பக்கத்துல ஒரு நெம்புகோலு, 1லேர்ந்து 10 வரைக்கும் நம்பரு போட்டு. ஜிம்முக்கு வர்ற எளவட்டம் அத்தன பேரும் நேரா 10ல தள்ளுறான்னு சொல்லிச் சிரிச்சியே, அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அந்த நம்பரு கனத்தோட அளவில்ல, ரோதைக் கூண்டுக்குள்ள எவ்வளவு காத்து போகுதுங்கிறதுக்குத்தான். கை முன்னால திரும்பிப் போறப்ப ரோதை எவ்வளவு வேகமா அடங்குதுன்னு பாத்துத்தான் பொட்டி கணக்குப் போடுது. அதனால 10ல வச்சாலும் 4ல வச்சாலும் ஏமாத்த வழியில்ல. 10ல வச்சு மாரடிக்கிறவன், கான் வெட்டப் போறப்ப மம்முட்டியோட ஒரு பாறாங்கல்லயும் தோள்ல தூக்கிட்டுப் போறவன். கல்லுக்கும் சேத்து யாரும் நாள் கூலி போடமாட்டாங்க. நம்பர அழிச்சிரு. "புதுசு", "பழகினவன்", "வீம்புக்காரன்"னு எழுதி வையி. அப்பவும் எல்லாரும் கடைசியிலதான் தள்ளுவான், ஆனா தெரிஞ்சு தள்ளுவான்.

இடுப்பு விசயம் விளையாட்டில்ல. தண்ணியில தோணி லேசு, ஆளுக்கு அடியில தோணிதான் முன்னும் பின்னும் நழுவும். மிசினுல தோணியத் தரையில நட்டு வச்சாச்சு. ஆளுதான் தன்னோட அறுவது எழுவது கிலோவ ஒவ்வொரு இழுப்புக்கும் தூக்கி வீசணும். துடுப்புக்காரங்களுக்கு அடிமுதுகு போறதும் விலாவெலும்பு விரிசல் விடுறதும் தெரிஞ்ச நோவுதான். இதுக்குத்தான் 2010ல காலுப் பலகையும் சேந்து நகர்ற மிசினு ஒண்ணு கொண்டாந்தாங்க. அந்த வழியப் புடி. அதோட, காலை மிதிக்காம முதுகால இழுக்குறவனக் கண்டா மிசினு வாயத் தொறக்கட்டும்: "மொதல்ல காலு, பொறவு இடுப்பு, கடைசியாத்தான் கை." தமிழ்லயும் சொல்லட்டும், சிங்களத்துலயும் சொல்லட்டும். கங்காணிப் பாசை மட்டும் வேணாம், அதக் கேட்டு வளந்த முதுகுதான் இது.

சத்தம். காம்பிராவுக்கும் காம்பிராவுக்கும் நடுவுல இருக்குற செவுரு பல லயத்துல கூரை வரைக்கும் போறதில்ல. நீ இங்க இழுத்தா நாலாவது வீட்டுப் புள்ளை முழிக்கும். இரும்புச் செயினுக்கு 50 மணி நேரத்துக்கு ஒருக்கா எண்ணெய் போடணும்னு எழுதியிருக்கான். இந்த ஊரு மழையில கதவுக் கொண்டியே துரு ஏறி நிக்குது. பெல்ட்டப் போடு. ஆலையில பெல்ட்டு ஓடி நான் பாத்திருக்கேன், எண்ணெய் கேக்காது, கத்தாது.

இப்ப பெரிய கேள்விக்கு வர்றேன். இழுக்குற பலமெல்லாம் எங்க போகுது? காத்தாப் போகுது! பொட்டிக்கு வேண்டிய துளிக் கரண்ட மட்டும் ரோதையிலேர்ந்து எடுத்துக்குறான், மிச்சமெல்லாம் வீசியடிக்கிறான். கரண்டு பில்லு வர்ற நாட்டுல இப்பிடி ஒரு வீண் செலவா? கணக்குப் போட்டுப் பாப்போம். 500 மீட்டர ரெண்டரை நிமிசத்துல இழுக்குற ஆளு 100 வாட்டுக்குக் கொஞ்சம் மேல போடுறான். 9 வாட்டு பல்பு பதினொண்ணு எரியும். ஒரு மணி நேரம் விடாம இழுத்தா யூனிட்டுல பத்துல ஒரு பங்கு. ஒரு லீட்டர் பச்சத்தண்ணியக் கொதிக்க வைக்க ஏறக்குறைய அவ்வளவுதான் தேவை. அப்ப ஒரு மணி நேரம் வேர்த்து விறுவிறுத்தா வீட்டுக்கு ஒரு லீட்டர் சாயத்தண்ணி. சீனி தனி. பணத்துக்குப் பாத்தா பைத்தியக்காரத்தனம், ஆனா பொட்டியில ஓடுற கலோரி நம்பர நம்பாத ஒங்க அப்பாயி கொதிக்கிற கேத்தல நம்புவா. அந்தப் பொட்டிக்குப் பக்கத்துல ஒரு கேத்தல் பிளக்கு வையி.

இன்னொரு சூட்சுமமும் அந்தக் காத்து ரோதையில இருக்கு. வேகத்த ரெண்டு மடங்காக்க எட்டு மடங்கு பலம் போடணும், காத்தோட சட்டம் அப்பிடி. இத எந்தத் தோட்டத்து ஆபீசுக்காவது ஒரு கடுதாசியாப் போட்டு விடு, கொழுந்துக் கிலோவக் கூட்டுற நேரத்துல ஒதவும்.

வெலையப் பேசாம விட்டா பேச்சு முடியுமா? அந்த மிசினு அங்க ஆயிரம் டொலரு ஒட்டி. கப்பக் கூலி, வரி எதுவும் சேக்காமலே நம்ம காசுக்கு மூணு லட்சம். 2024ல ஒரு நாள் அடிப்படைச் சம்பளத்த 1350 ரூவாயாக்கினாங்க. அப்பிடிப் பாத்தா 220 நாள் சம்பளத்துக்கு மேல. சோறு திங்காம, வெத்தல போடாம, சீட்டுக் கட்டாம. அதனால வீட்டுக்கு ஒண்ணுன்னு கனவு காணாத. தோட்டத்துக்கு ஒண்ணுன்னு செய்யி, சனசமூக நிலையத்துல கெடக்கட்டும். உள்ளூரு சைக்கிள் கடைக்காரன் கழட்டி மாட்டுற சாமானா இருக்கணும். சைக்கிள்லேர்ந்து பொறந்ததுதானே, அந்தக் கடைக்கே திரும்பிப் போனா என்ன கொறைஞ்சிரும்?

இவ்வளவு நக்கலடிச்சாலும் இந்த மிசினுல எனக்குப் புடிச்சது ஒண்ணு இருக்கு. கொழும்பு ரோயிங் கிளப் 1864ல தொடங்கினது, பேரை வாவியில. மெட்ராஸ் போட் கிளப் 1867ல தொடங்கினது, இப்ப அடையாத்துல. 1898லேர்ந்து ரெண்டு பேரும் மோதிக்கிறாங்க. நம்ம சனம் இந்தியாவுல மண்டபம் கேம்புலேர்ந்து கடலைத் தாண்டித்தான் இங்க வந்திச்சி. தாண்டினது நாம, துடுப்பு மட்டும் நம்ம கையில இல்ல. அந்த கிளப்புல துடுப்புப் புடிக்க ஆறு வேணும், தோணி வேணும், சந்தா வேணும், வெள்ளைக் காச்சட்டை வேணும். மிசினுக்கு எட்டடி போதும். நாசிக் பக்கத்துல தலேகாவ்னு ஒரு காஞ்ச ஊரு. அங்க அப்பனோட சேந்து கெணறு வெட்டின பையன், தத்து போகனால்னு பேரு, தண்ணியக் கண்டாலே பயந்தவன். பட்டாளத்துல சேந்து துடுப்புப் புடிச்சு, 2016 ரியோ ஒலிம்பிக்குல தனியாளா இழுத்து 13ஆவதா வந்தான். 2018 ஆசிய விளையாட்டுல நாலு பேரு தோணியில தங்கம். கெணத்துக் கயித்த இழுத்த முதுகு எங்க வரைக்கும் போகும்னு அவனப் பாத்தா தெரியும். நம்ம லயத்துலயும் அப்பிடி முதுகு நெறைய இருக்கு. அதுல ஒண்ணு எட்டடி எடத்துல, யாரு கிட்டயும் சந்தா கட்டாம, ஒரு தடவ இழுத்துப் பாக்குற மாதிரி இருக்கணும் நீ செய்யிறது. சாம்பியனுக்கு ஏற்கனவே நல்ல மிசினு இருக்கு.

செஞ்சு முடிச்சா மொத மிசினக் கொழும்பு ஜிம்முல வச்சுச் சோதிக்காத. அங்க வர்றவனெல்லாம் எந்த மிசினுலேர்ந்தும் எந்திரிச்சுப் போயிருவான். இங்க கொண்டா. ஒங்க அப்பாயி தானாக் குந்தி, தானா எந்திரிச்சு, கேத்தலும் கொதிச்சா அத வித்துக்க. லொறிக் கூலி மட்டும் ஒன்னோடது.