ஓக்லஹோமாவின் திண்ணை வீரர்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஏப்ரல், மே பிறந்துவிட்டால் இவரைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். டொர்னேடோ என்னும் சுழல்காற்று வருகிறது, வெளியே நிற்பவர்கள் உள்ளே ஓடுங்கள் என்பதற்காகத்தான் சைரனை அலறவிடுகிறார்கள். உள்ளே சாய்வு நாற்காலியில் கிடந்த இந்த மனிதரோ, அதைக் கேட்ட பிறகுதான் எழுந்து திண்ணைக்கு வருவார். கையில் காபிக் கோப்பையுடன், தேர் பார்க்க வந்தவர்போல் மேற்கே பார்த்து நிற்பார். எதிர்வீட்டுத் திண்ணையிலும் ஒருவர் நிற்பார். இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள்.

விவரம் தெரியாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். 'வாட்ச்' என்றால் வரக்கூடும், 'வார்னிங்' என்றால் கண்ணிலோ ராடாரிலோ பட்டுவிட்டது என்று பேரப்பிள்ளைகளுக்கு வகுப்பே எடுப்பார். ஜன்னல்களைத் திறந்துவைத்தால் வீடு தப்பும் என்பது கட்டுக்கதை. பாலத்தடியில் ஒதுங்கக் கூடாது, 1999இல் அப்படி ஒதுங்கியவர்களில் சிலர் செத்தே போனார்கள். கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத நடு அறைதான் நல்லது. தலைக்கு ஹெல்மெட், காலுக்கு ஷூ. அத்தனையும் மனப்பாடம். சொல்வதெல்லாம் திண்ணையில் நின்றபடி, வெறுங்காலோடு.

டொர்னேடோ போன பிறகு சேதத்தைப் பார்த்துத்தான் நிபுணர்கள் அதற்கு 0 முதல் 5 வரை தரம் போடுவார்கள். இவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மேகம் கறுக்கும்போதே மார்க் போட்டுவிடுவார்.

"நாற்பது வருஷமாய் நம் தெருவுக்கு வந்ததில்லை" என்பது இவருடைய தைரியத்தின் அஸ்திவாரம். இதே மாநிலத்து மூர் நகரத்துத் தெருக்களிலும் அப்படிச் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். அந்த ஊரை 1999 மே 3 அன்று, உச்சத்தில் மணிக்கு 480 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்றோடு சுழன்ற டொர்னேடோ துடைத்துப் போட்டது. 2013 மே 20 அன்று இன்னொன்று வந்தது.

அந்த 2013க்குப் பிறகு இவரும் கார் ஷெட்டின் தரைக்கடியில் இரும்புப் பதுங்கறை ஒன்று போட்டார். அதில் கிறிஸ்துமஸ் மரமும் பழைய பெயிண்ட் டப்பாக்களும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் நாய், ரேடியோ, டார்ச் சகிதம் மனைவி உட்கார்ந்து, "வந்து தொலையுங்கள்!" என்று கத்துவார். "ஒரே நிமிஷம்" என்று திண்ணையிலிருந்து பதில் வரும்.

ராத்திரியில் சைரன் ஊதினால் மட்டும் மறுபேச்சில்லாமல் முதல் ஆளாய் இறங்கிவிடுவார். வயதானதும் புத்தி வந்துவிட்டதென்று மனைவிக்குப் பரம சந்தோஷம். கும்மிருட்டில் வேடிக்கை பார்க்க என்ன இருக்கிறது?